பழைய டொயோட்டா ஹைலக்ஸில் ஸ்டீரிங் ஆடுகிறது: ஸ்டீரிங் பாக்ஸை இறுக்கினால் போதுமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலையும் உரமும் ஏற்றும் வண்டி, ரோட்டில் மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டினால் அலைகிறது, பட்டறை போர்மேன் ஸ்டீரிங் பாக்ஸை இறுக்கச் சொல்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாக்ஸை இப்போதைக்குத் தொட வேண்டாம். அது அதிகம் தேய்வது, சக்கரம் நேராக இருக்கும்போது வேலை செய்யும் நடுப்பகுதியில். அங்கே ஆட்டம் போகும்வரை பாக்ஸின் மேலுள்ள ஸ்க்ரூவைத் திருகினால், வளைவில் இறுகிப் பிடிக்கும். ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) தேய்ந்த வண்டிக்கு இதைச் செய்வது நோயை மூடிவைப்பதுதான்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜேக் வேண்டாம், சக்கரத்தில் பாரம் இருக்கட்டும். பவர் ஸ்டீரிங் என்றால் எஞ்சின் ஓட வேண்டும். ஒருவர் ஸ்டீரிங்கை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டட்டும். விளிம்பில் 30 மி.மீ.க்கு மேல் வெறுமனே சுற்றினால் எங்கோ தேய்மானம் இருக்கிறது. நீங்கள் கீழே படுத்து, பாக்ஸிலிருந்து வரும் பிட்மேன் ஆர்ம் என்ற கையில் தொடங்கி, சக்கரம்வரை ஒவ்வொரு ஜாயிண்டையும் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தப்பும் ஆட்டம் விரலுக்குத் தப்பாது. முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷனில் இருக்கும் மாடலானால் எதிர்ப்பக்கத்தில் கம்பியைத் தாங்கும் ஐட்லர் ஆர்மையும் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பலரும் விட்டுவிடும் இடம் அது. ஜாயிண்டை மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் செம்மண் உள்ளே போயிருக்கும், அந்த ஜாயிண்ட் இனி தாங்காது.

பிறகு ஜேக் போட்டு, ஸ்டாண்டும் வைத்து, சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட்டின் ஆட்டம் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் அந்த ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில்.

புது டை ராட் எண்ட் (கம்பியின் முனை ஜாயிண்ட்) போடும்போது, நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்குங்கள். தளர்த்தி நேராக்குவது ஆபத்து. அலைன்மெண்ட்டும் கட்டாயம்.

இனி சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். ஸ்டீரிங்கைத் திருப்பும்போது பாக்ஸே நகர்கிறதா? போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது போல்ட் துளையைச் சுற்றி சேசிஸ் இரும்பு விரிசல் விட்டிருக்கலாம். அந்த இடத்தைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் ஈரக் கோடு எழும்பும்.

உரம் ஏற்றும் வண்டிக்கு இன்னொரு தொல்லை. எம்.ஓ.பி. என்ற பொட்டாஷ் உரமும் ஒருவகை உப்புதான். மழைநீரில் கரைந்து சேசிஸுக்குள் இறங்கும். மண் அடைத்த வடிகால் துளைகளைக் குத்தித் திறந்து, பின் ஸ்பிரிங்கைச் சேசிஸில் மாட்டும் ஷேக்கிள் பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால் துரு தின்றிருக்கலாம், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

விரிசல் இருந்தால் மேலோடு ஒரு வெல்டிங் கோடு இழுத்து அனுப்பும் பட்டறைக்குப் போகாதீர்கள். விரிசலின் முனையில் 3 அல்லது 4 மி.மீ. துளை போட்டு, விரிசலை வெட்டித் திறந்து வெல்ட் செய்து, மேலே தகடு வைக்க வேண்டும். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.