தானாக ஓடும் ரயிலில் ஓட்டுநருக்கு என்ன வேலை?

சிங்கப்பூரில் ஐடிஇ எனும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர், ‘எம்ஆர்டி நகர ரயில்கள் தாமாகவே ஓடுகின்றனவே, பிறகு ஓட்டுநர் எதற்கு? அந்த வேலைக்கு என்ன தகுதி வேண்டும்?’ என்று கேட்டிருக்கிறார். வடக்கு-தெற்குப் பாதையில் ரயில் ஓட்டுகிறவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஓட்டுநரே இல்லாமல் ஓடுபவை 2003-இல் திறந்த வடகிழக்குப் பாதையும், பின்னால் வந்த வட்டப் பாதை, டௌன்டவுன் பாதை, தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதை ஆகியவையும்தான். 1987-இல் இயோ சூ காங்கிலிருந்து தோ பாயோ வரை தொடங்கிய வடக்கு-தெற்குப் பாதையிலும், கிழக்கு-மேற்குப் பாதையிலும் ரயிலின் முன்னறையில் இன்றும் ஆள் இருக்கிறார். வேகத்தைக் கூட்டிக் குறைப்பதையும் மேடைக் கதவுக்கு நேராக நிறுத்துவதையும் கணினி பார்த்துக்கொள்ளும். கதவை மூடிப் புறப்படுவதற்கு நாங்கள் பொறுப்பு.

அதை எளிதாக நினைக்காதீர்கள். காத்திப் நிலையம், காலை நெரிசல். மூடும் ஒலி கேட்ட பிறகு ஒரு மாணவி பாய்ந்து உள்ளே ஏறுகிறாள். புத்தகப்பையின் வார் வெளியே தொங்குகிறது. அவ்வளவு மெல்லிய வாரைக் கதவு உணராமலே மூடிக்கொள்ளலாம். திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதரின் கண்ணில் அது பட்டாக வேண்டும். பட்டால் கதவை மறுபடி திறக்கிறோம். பின்னால் வரும் ரயில் சற்றுத் தாமதமாகும், ஆகட்டும்.

படிப்பைப் பொறுத்தவரை பட்டம் தேவையில்லை. உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வோ ஐடிஇ தரும் நைட்டெக் சான்றிதழோ போதும். மருத்துவப் பரிசோதனை மட்டும் கண்டிப்பானது. அதன் பிறகு வகுப்பு, ஓட்டுநர் அறையைப் போலவே அமைத்த சிமுலேட்டர், அனுபவசாலி ஒருவர் உடனிருக்க ஓட்டிப் பழகுவது என்று பயிற்சி நீளும். சிமுலேட்டரில் பெரும்பாலும் ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டே இருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் எங்கள் தகுதி யாருக்கும் தெரியாது. ரயில் நடுவழியில் நின்றதும், ‘இப்படித்தான் இருக்கும்’ என்று ஊகித்து எதையும் செய்யாதவரே நல்ல ஓட்டுநர் என்பது என் உறுதியான எண்ணம்.

ஊகம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு கிழக்கு-மேற்குப் பாதையின் ஜூ கூன் நிலையத்தில் நடந்த விபத்தைப் பாருங்கள். 2017 நவம்பர் 15 அன்று முன்னால் நின்றிருந்த ஆறு பெட்டி ரயிலை மூன்று பெட்டி ரயில் என்று புதிய சமிக்ஞை முறை கணித்தது. பின்னால் நின்ற ரயில் தானாக நகர்ந்து அதன்மீது மோதியது. 30-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். கணினியே அப்படித் தப்பாகக் கணிக்கும்போது, களைத்த மனிதன் கணிக்க மாட்டானா?

அதனால்தான் கட்டுப்பாட்டு நிலையம் வானொலியில் தரும் ஒவ்வொரு கட்டளையையும் அப்படியே திருப்பிச் சொல்கிறோம். அவர்கள் ‘சரி’ என்ற பிறகே கை அசையும். ஈரோட்டில் லோகோ பைலட்டாக இருந்த என் மாமா, சிக்னல் வரும்போதெல்லாம் உதவியாளரும் தானும் அதன் நிறத்தை உரக்கச் சொல்லிக்கொள்வார்கள் என்பார். வேலைக்கு வந்த பிறகு அதன் அருமை எனக்குப் புரிந்தது.

தண்டவாளத்தில் இறங்குவோருக்கான விதி இன்னும் கடுமையானது. அந்தப் பகுதிக்கான ரயில் வேகத்தைப் பூஜ்ஜியமாக்கி, அதை உறுதிசெய்துகொண்ட பிறகே கால் வைக்கலாம். 2016 மார்ச்சில் பாசிர் ரிஸ் அருகே அந்தப் படி விடுபட்டது. இருபதுகளில் இருந்த பயிற்சி ஊழியர்கள் இருவர் உயிரிழந்தார்கள். ரயிலின் ஓட்டுநர் அவசர பிரேக் போட்டும் பயனில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. புதியவர்களிடம் இதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பயணிகளை நடுவழியில் இறக்கும்போதும் இதே ஒழுங்குதான். பக்கவாட்டில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் பாய்கிறது. அது நிறுத்தப்பட்டதாக உறுதி வரும்வரை ஒருவரையும் கீழே விடக்கூடாது. பெட்டியில் இருப்பவர்களுக்கோ அந்தக் காத்திருப்பு நரகம். 2011 டிசம்பர் 15 மாலை சுரங்கத்தில் ரயில்கள் மின்சாரமின்றி நின்றபோது, புழுக்கம் தாளாமல் ஒரு பயணி தீயணைப்புக் கருவியால் கண்ணாடியை உடைத்தார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. என்ன நடக்கிறது என்று யாராவது பேசிக்கொண்டே இருந்தால்தான் மனிதர்களால் பொறுக்க முடியும். ஆகவே புதிய செய்தி இல்லாவிட்டாலும் ஒலிபெருக்கியில் பேசுங்கள், எளிய சொற்களில், நிதானமாக.

தம்பி, விண்ணப்பிக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். கண் பரிசோதகரிடம் போய், வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண்ணைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். நிறம் பிரித்தறிய முடியாவிட்டால் மற்றத் தகுதிகள் உதவாது. அடுத்து, வீட்டாரிடம் பேசுங்கள். முதல் ரயில் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும், கடைசி ரயில் நள்ளிரவைத் தொடும். ஓட்டுநர் பகலில் தூங்கும்போது அந்த அறைக்கதவை யாரும் தட்டாத வீடாக அது இருக்க வேண்டும்.