கோடியில் சம்பளம் வாங்கும் கால்பந்து வீரருக்கு மனச்சோர்வு வருமா?

தாராளமாக வரும். ஆட்டம், பயிற்சி, பயணம், தோற்றால் விழும் வசவு எல்லாம் சேர்ந்து உடம்பிலும் மனசிலும் ஏறுவதைத்தான் ஆட்டச்சுமை என்கிறார்கள்.

சுமை ஏறக் காரணம் வியாபாரம். ஆட்டம் கூடினால் டிவி உரிமை, டிக்கெட், விளம்பரம் எல்லாவற்றிலும் காசு கூடும். ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் 2024-25 முதல் 32 அணிகள் 36 ஆயின. முதல் கட்டத்தில் 6 ஆட்டம் ஆடியவர்களுக்கு இப்போது 8. 2025-ல் கிளப் உலகக் கோப்பையும் 32 அணிகளோடு வந்து கோடை விடுமுறையைத் தின்றது. போட்டியைக் கூட்டுவது ஃபிஃபா (உலகக் கால்பந்து சம்மேளனம்) மாதிரி அமைப்புகள், சம்பளம் கொடுப்பது கிளப். ஓய்வுக்கு யார் பொறுப்பு? அங்கேதான் இடிக்கிறது.

திருப்பூர்க்காரங்களுக்கு இது புதுசில்லை. ஷிப்மென்ட் அவசரம் என்று நிட்டிங் மெஷினை சர்வீஸுக்கு நிறுத்தாமல் ஓட்டினால் ஊசி உடையும், துணியில் நெடுகக் கோடு விழும், ரோல் மொத்தமும் செகண்ட்ஸுக்கு, அதாவது கழிவு விலைச் சரக்குக்கு, போகும்.

ஆட்டங்களுக்கு நடுவே 72 மணி நேரம், சீசன் முடிவில் 21 நாள் ஓய்வு என்று 2025 ஜூலையில் வீரர் சங்கங்களோடு கூட்டம் போட்டு ஃபிஃபா சொன்னது. (உலக வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ அந்தக் கூட்டத்தில் இல்லை என்பது தனிக்கதை.)

‘இவ்வளவு சம்பாதிக்கிறவனுக்கு என்ன கவலை’ என்பது தப்புக் கணக்கு: பிரேசிலின் ரிச்சார்லிசன் 2022 உலகக் கோப்பையில் கோல் அடித்துப் பேர் வாங்கிய பிறகுதான் மனச்சோர்வில் விழுந்தார், அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார்.