கேள்வி – பதில்: சென்சார் கதவும் கலெக்டர் கதவும்

கே: சென்சார் சர்டிபிகேட் வாங்கிய படத்தை ஊரில் ஓடவிடாமல் தடுக்கிறார்களே, அந்த அதிகாரம் யாருக்கு? பிறகு சென்சார் எதற்கு?

அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டினால் விஷயம் விளங்கிவிடும். படத்துக்கு அனுமதி தருவது ஒன்றியப் பட்டியலில் 60ஆவது இனம். தியேட்டர் மாநிலப் பட்டியலில் 33ஆவது இனம். படம் டெல்லிக்கு, திரை கோட்டைக்கு. எனவே சான்றிதழை மாநில அரசு ரத்து செய்ய முடியாது, ஆனால் தியேட்டரில் ஓடுவதை நிறுத்திவைக்கலாம். 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தில் 7ஆவது பிரிவு, அமைதி கெடும் என்று கருதினால் காட்சியை நிறுத்த அரசுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அதிகாரம் தருகிறது. போதாக்குறைக்கு பழைய 144 இருக்கிறது (2024 ஜூலை முதல், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.இல் 163ஆவது பிரிவு). அந்த உத்தரவுக்கு ஆயுள் அதிகபட்சம் இரண்டு மாதம், மாநில அரசு நினைத்தால் இன்னும் நீட்டிக்கலாம்.

இதற்கு எதிரான தீர்ப்பும் ஒரு தமிழ்ப் படத்தால் கிடைத்ததுதான். இடஒதுக்கீட்டைப் பேசிய 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஆர்ப்பாட்டம் நடக்கும், கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை, முடியவில்லை என்று கைவிரிக்கக் கூடாது என்றது.

தீர்ப்பு இத்தனை தெளிவாக இருந்தும் படம் ஏன் நிற்கிறது? கணக்கு நாட்களில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ரிலீஸ் என்றால் தடை உத்தரவு புதன்கிழமை வரும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, தனி நீதிபதி தடையை நீக்கினாலும், அரசு மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமரும் டிவிஷன் பெஞ்ச் போய் அந்த உத்தரவுக்கு ஸ்டே வாங்கும். 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' படத்துக்கு நடந்தது இதுதான். தமிழ்நாட்டில் அது பிப்ரவரி 7இல்தான் வெளியானது, அதுவும் பேச்சுவார்த்தையில் சில மாற்றங்களுக்கு ஒப்புக்கொண்ட பிறகு. வசூலின் பெரும்பங்கு முதல் மூன்று நாளில் வரும் தொழிலில், வழக்கில் ஜெயிப்பதைவிட முதல் வாரம் கையில் நிற்பதுதான் தயாரிப்பாளருக்கு முக்கியம். எதிராளிக்கும் அது தெரியும்.

இங்கே பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சமரசத்துக்காக ஒரு வசனத்தை மியூட் செய்தாலும் அதை சென்சார் வாரியத்திடம் தெரிவித்து, சான்றிதழில் பதியவைக்க வேண்டும். சொல்லாமல் மாற்றிய பிரதியைத் திரையிடுவது குற்றம்.

கே: '32 கட்' என்று சமூக ஊடகத்தில் போடுகிறார்களே, உண்மையில் எவ்வளவு வெட்டினார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

படம் தொடங்குமுன் காட்டும் சான்றிதழை யாரும் பார்ப்பதில்லை. பாப்கார்ன் நேரம் அது. பழைய 1983 விதிகளின்படி, மாற்றங்களுடன் அனுமதி பெற்ற படம் என்றால் சான்றிதழின் இடது கீழ் மூலையில் ஒரு முக்கோணம் இருக்கும். என்னென்ன மாற்றம் என்பது இரண்டாம் பகுதியில் பட்டியலாக வரும். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு 'கட்' என்று எண்ணப்படுகிறது. ஒரு கெட்ட வார்த்தையை மியூட் செய்தது ஒன்று, ஒரு போர்டை மங்கலாக்கியது ஒன்று. ஆகவே 32 கட் சேர்ந்தும் ஒரு நிமிடத்தைத் தாண்டாமல் போகலாம்.

பட்டியலில் ஏறாத வெட்டுதான் அதிகம் என்பது எங்கள் கணிப்பு. 'ஏ' வாங்கிய படம் அப்படியே டி.வி.க்குப் போக முடியாது, மறுபடி சான்றிதழ் வேண்டும். டி.வி. உரிமைப் பணம் போய்விடுமே என்று இயக்குநரே எடிட்டிங் அறையில் கத்தரி போட்டுவிடுகிறார். இதில் அரசுக்கும் பங்கு இருந்தது. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006இல் வந்தது. 2011இல் 'யு' சான்றிதழும் இருக்க வேண்டும் என்று சேர்த்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை, வரிவிலக்குக்காக எத்தனை காட்சி போயிற்றோ, அதற்குக் கணக்கே இல்லை.

கே: 'யு/ஏ 16+' படத்துக்கு 12 வயது மகனை அழைத்துப்போனால் தியேட்டரில் திருப்பி அனுப்பலாமா?

அந்தக் காரணத்துக்காக அனுப்ப முடியாது. சினிமா சட்டத்தின் 2023 திருத்தத்தில் வந்த 7+, 13+, 16+ மூன்றும் பெற்றோருக்கான குறிப்பு. அவர்களைத் தவிர வேறு யாரும் அதை அமல்படுத்த முடியாது என்று சட்டமே சொல்கிறது. 'ஏ' படம் வேறு. 18 வயது நிரம்பாதவரை உள்ளே விட்டால் வழக்கு தியேட்டர்காரர் மீது. அப்பா கூடவே இருக்கிறார் என்பது அங்கே எடுபடாது.

கே: பிரச்சாரத்துக்கு ஒரு நடிகர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கப்போகிறாராம். வேட்பாளரின் 40 லட்ச வரம்பு அதற்கே போதாதே?

சட்டமன்றத்துக்கு 40 லட்சம் என்பது 2022 ஜனவரியில் உயர்த்திய வரம்பு. ஆனால் ஹெலிகாப்டர் அதில் சேராது, அவர் பெயர் கட்சி கொடுக்கும் நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலில் இருந்தால். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்கு 40 பேர், பதிவு மட்டும் செய்த கட்சிக்கு 20 பேர். அறிவிக்கை வெளியான 7 நாளுக்குள் பட்டியலைக் கொடுத்தாக வேண்டும். பட்டியலில் இல்லாதவர் எத்தனை பெரிய ஸ்டாராக இருந்தாலும், அவர் பயணச் செலவு வேட்பாளர் தலையில். பட்டியலில் இருப்பவர் சினிமாக்காரராக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

விலக்கு பயணத்துக்கு மட்டும்தான். வேட்பாளர் மேடையேறினாலோ, அவர் படம் போட்ட பேனர் இருந்தாலோ, பேச்சாளர் அவர் பெயரைச் சொன்னாலோ, பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி எல்லாம் அவர் கணக்கு. நடிகரின் ஹெலிகாப்டரில் ஏறிக்கொண்டால் அந்தப் பயணச் செலவில் பாதியும் வரும். தேர்தல் ஆணையத்தின் வீடியோ குழு நாற்காலியை எண்ணும், மாவட்டத் தேர்தல் அலுவலர் நிர்ணயித்த விலையால் பெருக்கி, ஆணையம் தனியாக வைத்திருக்கும் நிழல் பதிவேட்டில் எழுதுவார்கள். வேட்பாளர் காட்டும் கணக்கை அதோடு ஒப்பிடுவார்கள்.

விதிமீறலைக் கண்டால் தேர்தல் ஆணையத்தின் 'சி-விஜில்' செயலியில் அனுப்பலாம். போனில் ஏற்கெனவே எடுத்து வைத்த வீடியோவை அது ஏற்காது. செயலியைத் திறந்து அதிலேயே எடுக்க வேண்டும்.

கே: படப்பிடிப்பில் தினக்கூலிக்கு வேலை செய்யும் பெண் பாலியல் தொல்லைக்கு ஆளானால் எங்கே புகார் கொடுப்பது? சங்கத்திலா?

சங்கத்தில் சொல்லலாம், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சி எல்லோரும் 'பணியாளர்'தான். பத்துப் பேர் வேலை செய்தாலே, இத்தகைய புகாரை நிறுவனத்துக்குள்ளேயே விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். படத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் தெளிவாகவே சொன்னது.

புகார் எழுத்தில் வேண்டும்: ஆறு பிரதி, ஆவணங்கள், சாட்சிகளின் பெயர், முகவரி. கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதக் கெடு. தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சினிமாவில் கெடு தவறுவதற்குக் காரணம் உண்டு. கம்பெனியே அந்த ஒரு படத்துக்காகத் தொடங்கியதாக இருக்கும். படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்ததும் அலுவலகத்தைக் காலி செய்துவிடுவார்கள். அடுத்த படத்தில் வாய்ப்புப் போய்விடுமோ என்று காத்திருப்பவருக்கு, குழு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும். ஆகவே வேலைக்குச் சேர்ந்த அன்றே குழுத் தலைவரின் பெயரையும் எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அதைப் பணியிடத்தில் எழுதி ஒட்ட வேண்டியது அவர்கள் கடமை.

குழுவே இல்லை, பத்துப் பேருக்குக் குறைவு, அல்லது புகாரே தயாரிப்பாளர் மீது என்றால், மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ கேட்டால் வழி சொல்வார்கள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். சமரசம் பேசலாம், பெண் கேட்டுக்கொண்டால் மட்டும். பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை, "செட்டில் பண்ணிடலாம்மா" என்று யார் வந்து சொன்னாலும்.