புளூடூத் ஹெட்போன், ஸ்பீக்கர், வயர்லெஸ் மைக்: சுங்கத் தலைப்பு 8517-ஆ, 8518-ஆ?

புளூடூத் ஹெட்போன், புளூடூத் ஸ்பீக்கர், மேடைக்கான வயர்லெஸ் மைக் ஆகியவற்றை இறக்குமதி செய்யும்போது எந்தச் சுங்கக் குறியீட்டை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இறக்குமதிப் பொருள்களைக் குறியீட்டு எண்களால் வகைப்படுத்தும் எச்.எஸ். (ஹார்மனைஸ்டு சிஸ்டம்) பட்டியலில், கம்பியில்லா ஒலிக்கருவிகள் என்று ஒரு தலைப்பே (நான்கு இலக்கக் குறியீடு) இல்லை. இந்த மூன்றுக்கும் ஒரே குறியீட்டை எழுதிவிட முடியாததற்குக் காரணம் அதுதான். இறக்குமதி ஆவணங்களோடு பழகியவன் என்ற முறையில் நான் முதலில் சொல்வது, விலைப்பட்டியலில் ஏற்றுமதியாளர் எழுதியனுப்பும் குறியீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதே. உலகச் சுங்க அமைப்பின் இந்தப் பட்டியலில் முதல் ஆறு இலக்கங்கள் மட்டுமே நாடுகளுக்குப் பொதுவானவை. அந்த ஆறு இலக்கங்களுக்குள்ளும் ஒரே பொருளை இரு நாடுகள் இரு விதமாக வகைப்படுத்துவது உண்டு.

8517 என்பது தொலைபேசிகளுக்கும், குரல், படம், பிற தரவுகளை அனுப்பும் அல்லது பெறும் ஏனைய கருவிகளுக்கும் உரியது. கம்பியில்லா வலைப்பின்னலில் இயங்குபவையும் அதில் அடக்கம். 8518 மைக், ஸ்பீக்கர், ஹெட்போன், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. புளூடூத் ஹெட்போன் இரண்டு விவரிப்புகளுக்கும் பொருந்துவதுபோல் தோன்றுவதால்தான் வழக்கே எழுகிறது.

மைக்கில் சிக்கல் குறைவு. ஒன்றோ பலவோ வயர்லெஸ் மைக்குகளும் அவற்றுக்கான ரிசீவரும் சேர்ந்த தொகுதி 8518-இல் அடங்கும் என்று எச்.எஸ். விளக்கக் குறிப்புகளே கூறுகின்றன. மைக்குக்குள் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் இருப்பது மட்டுமே அதை 8518-இலிருந்து வெளியேற்றாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

ஹெட்போனுக்கும் இதே தர்க்கம் பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. 8518.30 ‘ஹெட்போன்கள், மைக்குடன் இணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்ற பொருளில் எழுதப்பட்டிருக்கிறதே தவிர, கம்பி இருக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை இல்லை. இரண்டு வேலைகளைச் செய்யும் கருவியை அதன் முதன்மைப் பணியைக் கொண்டு வகைப்படுத்துமாறு எச்.எஸ். பட்டியலில் இயந்திரங்களுக்கும் மின்கருவிகளுக்கும் உரிய பதினாறாம் பிரிவின் 3-ஆம் குறிப்பு சொல்கிறது. காதில் ஒலியைக் கேட்கவைப்பதற்காகவே ஒருவர் ஹெட்போனை வாங்குகிறார், தரவைப் பெறுவது அதற்கான வழி மட்டுமே. முதன்மைப் பணியைத் தீர்மானிக்க முடியாத நிலையில்கூட, பட்டியலைப் பொருள்கொள்வதற்கான பொது விளக்க விதிகளில் 3(சி) எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதால், அந்த வழியும் 8518-இல்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால், ஐக்கிய அமெரிக்கச் சுங்கத் துறை தன் பல தீர்ப்புகளில் புளூடூத் ஹெட்போன்களையும் ஸ்பீக்கர்களையும் 8517-இன் உட்பிரிவான 8517.62-இல் (தரவைப் பெறும், மாற்றும், அனுப்பும் கருவிகள்) வைத்திருக்கிறது. ஆகவே, என் வாதம் எவ்வளவு வலுவானதாகத் தோன்றினாலும், சரக்கு இறங்கும் நாட்டின் தீர்ப்புகளைப் பார்க்காமல் அதை நம்பி வரி கட்டக் கூடாது.

8517-க்கும் 8518-க்கும் இடையிலான வரி வித்தியாசம் சில நாடுகளில் பெரிதாக இருப்பதற்கு வரலாறும் ஒரு காரணம். உலக வர்த்தக அமைப்பின் 1996 தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் தொலைத்தொடர்புக் கருவிகள் பலவற்றுக்கு வரியை நீக்க வழிசெய்தது. ஸ்பீக்கர், ஹெட்போன் போன்றவை 2015-இல் 201 பொருள்களைச் சேர்த்த விரிவாக்கத்தில்தான் இடம்பெற்றன. முதலாவதில் இணைந்த இந்தியா இரண்டாவதில் இணையவில்லை.

ஸ்பீக்கரில்தான் உண்மையான தலைவலி. புளூடூத் மட்டும் உள்ள ஸ்பீக்கருக்கு, ஒரே பெட்டிக்குள் ஒரு ஒலிபெருக்கி இருந்தால் 8518.21, பல இருந்தால் 8518.22 என்று வாதிடலாம், மேற்சொன்ன 8517.62 சர்ச்சை இதற்கும் உண்டு. அதே பெட்டியில் எஃப்.எம். வானொலி இருந்தால் வானொலிப் பெட்டிகளுக்கான 8527 நுழைகிறது. 8517-இன் வாசகமே 8527-இல் அடங்கும் கருவிகளை விலக்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மெமரி கார்டு, யு.எஸ்.பி. வழியாகத் தானே பாட்டை இசைக்கும் பெட்டியென்றால் ஒலியைப் பதிவுசெய்யும் அல்லது இசைக்கும் கருவிகளுக்கான 8519-ஐயும் பரிசீலிக்க வேண்டும். மைக், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே தொகுதியாக வந்தால் 8518.50-ஐப் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியில் ‘வயர்லெஸ் ஸ்பீக்கர்’ என்று மட்டுமே அச்சிட்டிருக்கும்; உள்ளே என்னென்ன இருக்கின்றன என்பதைத் தொழில்நுட்ப விவரத்தாளில்தான் காண முடியும். ஒலிபெருக்கியே இல்லாமல், ஏற்கெனவே உள்ள கருவியுடன் இணைக்கும் புளூடூத் அடாப்டருக்கு 8517.62 என்பதில் எனக்கு ஐயமில்லை.

இயர்பட்ஸுடன் ஒரே பெட்டியில் வரும் சார்ஜிங் கேஸைத் தனியாக வகைப்படுத்தத் தேவையில்லை. சில்லறை விற்பனைத் தொகுதி என்ற முறையில் விதி 3(பி)-இன்படி அது இயர்பட்ஸோடு சேரும். தனியாக இறக்குமதி செய்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

இவ்வளவு ஐயங்கள் இருக்கும்போது சரக்கு வருமுன்பே சுங்கத் துறையிடம் முன்கூட்டிய தீர்ப்பு கேட்பதே நல்லது. 2017 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவு, வகைப்பாடு குறித்து இத்தகைய தீர்ப்பு வழங்குவதை உறுப்பு நாடுகளின் கடமையாக்கியிருக்கிறது. விண்ணப்பத்தில் மாடல் எண்ணையும் விவரத்தாளையும் இணையுங்கள்; கருவி தரவைப் பெறுவதோடு நிற்கிறதா, திருப்பி அனுப்பவும் செய்கிறதா என்பதை ஒளிவுமறைவின்றி எழுதுங்கள். தயாரிப்பாளர் அடுத்த ஆண்டு அதே பெயரில் எஃப்.எம். சேர்த்துப் புதிய மாடலை அனுப்பினால், பழைய தீர்ப்பு அதற்குச் செல்லாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.