விளம்பரத்தை நீக்கினால் மட்டும் போதாது

கும்பகோணத்தில் வரி விளம்பரத் தளம் நடத்துகிறீர்கள். "தங்குமிடம் இலவசம், இளம்பெண்கள் மட்டும், மசாஜ் வேலை" என்று யாரோ போட்டதை, பெண்களைக் கடத்த விரிக்கும் வலையோ என்று சந்தேகித்து நீக்கிவிட்டு, வழக்கு வருமா என்று கேட்கிறீர்கள்.

பிறர் பதிவுக்கு ஐ.டி. சட்டம் (தகவல் தொழில்நுட்பச் சட்டம்) 79-ஆம் பிரிவு உங்களைக் காக்கும். வாசகத்தை நீங்களே திருத்தியிருந்தால் அந்தக் காப்பு ஆட்டம் காணும். தெரிந்தே உதவியிருந்தால் கிடையவே கிடையாது. அமெரிக்காவில் 2018-இல் வந்த ஃபோஸ்டா என்ற பாலியல் கடத்தல் தடுப்புச் சட்டமும் தெரிந்து துணைபோகும் தளங்களைத்தான் பிடிக்கிறது.

நீக்கியதை 180 நாள் பாதுகாக்கச் சொல்கிறது அதே ஐ.டி. சட்டத்தின் 2021 விதி. போட்டவர் கைபேசி எண், ஐ.பி. முகவரி, நேரம் மூன்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். விளம்பரத்தோடு வந்த படத்தில் இருப்பது சிறுமி என்று தோன்றினால் யாருக்கும் அனுப்பாதீர்கள். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி போலீசில் சொல்லியே ஆகவேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் அழையுங்கள்.

தள்ளிப் போடாதீர்கள். குறுவை பொய்த்தால் நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்படிப்பட்ட விளம்பரத்தை நம்பித்தான் பஸ் ஏறுகிறார்கள்.