மரமில்லாத சரிவும் காடாக இருக்கலாம்: ஆரவல்லியில் பண்ணை மனை

கேள்வி: குருகிராமில் பணிபுரியும் என் மகன், அருகிலுள்ள சோஹ்னாவில் ஆரவல்லி மலைச்சரிவில் பண்ணை வீட்டு மனை ஒன்று பார்த்திருக்கிறான். பாறையும் முள்ளும்தான் இருக்கின்றன, காடு இல்லை, பத்திரப்பதிவும் நடக்கும் என்கிறார் தரகர். வாங்கலாமா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: இப்போதைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். ஆரவல்லி, தார்ப் பாலைவனத்தின் கிழக்கு விளிம்பில் குஜராத்திலிருந்து டெல்லி வரை நீளும் வறண்ட மலைத்தொடர். அதன் காடு கொல்லிமலைக் காடு போல் அடர்ந்திருக்காது. அங்குள்ள தோக் மரம், ஆடு மேயும் சரிவில் தரையோடு படர்ந்த புதராகவே ஆண்டுக்கணக்கில் கிடந்து, மேய்ச்சல் நின்ற பிறகுதான் நிமிர்கிறது. எனவே கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் 1992 மே 7 தேதியிட்ட அறிவிக்கை, அன்றைய குர்கான் மாவட்டத்தில், ‘கைர் மும்கின் பஹாட்’ (சாகுபடிக்கு ஆகாத மலை) முதலிய வகைகளில் பதிவான நிலங்களில் முன் அனுமதியின்றிப் பண்ணை வீடு கட்டுவதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. அந்தத் தேதியில் இருந்த பதிவுதான் கணக்கு. தரகர் நீட்டும் புது நகலை நம்பாமல், அக்காலத்து ஜமாபந்தியை, அதாவது அங்குள்ள உரிமைப் பதிவேட்டை, கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, ஹரியானாவுக்கும் பொருந்தும் 1900ஆம் ஆண்டின் பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டம். அதன் 4ஆம் பிரிவில், மரம் வெட்டுவது போன்றவற்றைத் தடுக்கும் சிறப்பு ஆணை பெற்ற நிலம் காட்டுக்குரிய தன்மை உடையது என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பகுதியைப் பொதுவாக இச்சட்டத்தின் கீழ் கொண்டுவரும் 3ஆம் பிரிவு அறிவிக்கை மட்டும் உள்ள நிலம் அதனாலேயே காடாகிவிடாது. இந்த ஒரு விலக்கைத்தான் தரகர்கள் எல்லா மனைக்கும் நீட்டுகிறார்கள். உங்கள் மனை 3இல் மட்டும் இருந்தாலும், அதே புல எண்ணுக்கு 4ஆம் பிரிவு ஆணை உண்டா என்று தனியே பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டாலும், பதிவேட்டில் ‘பஹாட்’ என்றிருந்தால் 1992இன் தடை அப்படியே நிற்கும்.

பத்திரம் பதிவானதே பாதுகாப்பு என்ற பேச்சை ஏற்காதீர்கள். பரிதாபாத்தின் காந்த் என்கிளேவில் அரசின் நகரமைப்புத் துறை அனுமதியோடு எழுந்த வீடுகளையே இடிக்கும்படி 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு துறை தடுத்த நிலத்தில் இன்னொரு துறை அனுமதி கொடுத்து, இழப்பைக் குடும்பங்களின் தலையில் கட்டுவது மன்னிக்க முடியாத அலட்சியம். மாதவரத்தில் ஏரிப் புறம்போக்கை மனையென்று யாராவது காட்டினால் எத்தனை கேள்வி கேட்பீர்களோ, அத்தனையும் இங்கும் கேளுங்கள். புல எண்ணைக் குறிப்பிட்டு மாவட்ட வன அலுவலரிடம் எழுத்துப்பூர்வமான பதிலை மகனே நேரில் பெறட்டும். தரகர் கொண்டுவரும் கடிதம் வேண்டாம்.