சீன ஓட்டலில் அறை எடுக்கும் முன்: கேள்வி-பதில்

கேள்வி: அக்டோபரில் நடக்கும் கேன்டன் வணிகக் கண்காட்சிக்காகச் சீனாவின் குவாங்சோ நகருக்குச் செல்லவிருக்கிறேன். நான் தேர்ந்தெடுத்த ஓட்டலுக்கு முன்பதிவுத் தளத்தில் 5-க்கு 4.7 மதிப்பெண் இருக்கிறது. ஆனால் அங்கே தங்கப் போன வெளிநாட்டினர் சிலர் அறைக்குச் சன்னலே இல்லை என்கிறார்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மதிப்பெண்ணை நம்புவதா, இவர்களை நம்புவதா?

பதில்: இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். சீன நகர ஓட்டல்களுக்கு மதிப்பெண் தருபவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனர்கள். அவர்கள் தங்கள் அடையாள அட்டையைக் காட்டினால் போதும், சில நிமிடங்களில் சாவி கைக்கு வந்துவிடும். பாஸ்போர்ட் தொல்லை அவர்களுக்கு நேர்வதே இல்லை. சன்னல் இல்லாத அறை என்று தெரிந்தே குறைந்த வாடகைக்கு எடுத்தவர், படுக்கை சுத்தமாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டுப் போவார். ஆகவே மொத்த மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டு, நடுத்தர மதிப்பெண் கொடுத்தவர்கள் சீன மொழியில் எழுதியதை மொழிபெயர்ப்புச் செயலியில் படியுங்கள். சிகரெட் நாற்றம், மெல்லிய சுவர், பலகை போன்ற மெத்தை, கண்ணாடிச் சுவர் வைத்த குளியலறை ஆகியவற்றைப் பற்றி அவர்கள் ஒளிவுமறைவின்றி எழுதுகிறார்கள். போலி மதிப்புரைகளைத் தடைசெய்யும் மின்வணிகச் சட்டம் அங்கே 2019 சனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடிக்கையாளர் எழுதிய கருத்தைத் தளம் நீக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. அதனால் போலிகள் ஒழிந்துவிட்டன என்று பொருளில்லை. ஒரே நாளில் வரிசையாக வந்த பாராட்டுகளைச் சந்தேகத்துடனேயே பாருங்கள்.

சன்னல் விஷயத்தில் படத்தை நம்ப வேண்டாம், ஏனென்றால் வெறும் சுவரின் மேல் திரை தொங்கவிட்டுப் படம் எடுத்திருப்பார்கள். அறை வகையின் விவரத்தில் சன்னல் உண்டு, இல்லை, உள்பக்கச் சன்னல் என்று குறித்திருக்கும். உள்பக்கச் சன்னல் என்றால் அது நடைபாதையையோ கட்டடத்தின் நடுக்கூடத்தையோ பார்த்தபடி இருக்கும். வசந்தகாலத்தில் நடக்கும் இதே கண்காட்சிக்குச் செல்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் குவாங்சோவில் சுவரே வியர்க்கும் அளவுக்கு ஈரப்பதம் ஏறும் நாள்கள் உண்டு. காற்றோட்டமில்லாத அறையில் பூஞ்சை வாடையோடுதான் உறங்க வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட் பிரச்சினையின் வேர் சட்டத்தில் இருக்கிறது. சீனாவில் தங்கும் ஒவ்வொரு வெளிநாட்டவரின் தங்குமிடமும் காவல்துறையிடம் பதிவாக வேண்டும். ஓட்டலில் தங்கினால், பாஸ்போர்ட்டையும் விசாப் பக்கத்தையும் படியெடுத்து ஓட்டலே அந்தப் பதிவைச் செய்துவிடும். அந்த வேலை தெரியாத சிறிய ஓட்டல்கள், தங்களுக்கு வெளிநாட்டினரை ஏற்க அனுமதியில்லை என்று சொல்லி நெடுங்காலமாகக் கைகழுவி வந்தன. 2024 மே மாதம் சீன வணிக அமைச்சகமும் வேறு சில துறைகளும் சேர்ந்து வெளியிட்ட அறிவிப்பு, தகுதியில்லை என்ற காரணத்தைச் சொல்லி வெளிநாட்டினரை ஓட்டல்கள் மறுக்கக் கூடாது என்று தெளிவுபடுத்திவிட்டது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு வரவேற்பு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கு அந்த அறிவிப்பு தெரிந்திருக்க வேண்டுமே! எனவே பணம் கட்டுவதற்கு முன்பே தளத்தின் செய்திப் பெட்டி வழியாக, இந்தியப் பாஸ்போர்ட்டில் தங்கலாமா என்று சீன மொழியில் கேட்டு, வரும் பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் மறுத்தால் அந்தப் படத்தைக் காட்டி, முன்பதிவுத் தளத்தின் உதவி எண்ணை அங்கிருந்தே அழையுங்கள். 12345 என்ற அரசு உதவி எண்ணும் இருக்கிறது. அடுக்குமாடி வீட்டை வாடகைக்குத் தருபவர்களிடம் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்யும் பொறுப்பு உங்கள் மேலும் வீட்டுக்காரர் மேலும் விழுகிறது. வணிகத்துக்காகச் செல்பவர்கள் வாடகை குறைவு என்பதற்காக இந்தச் சுமையை ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு சொல். ஒன்று முதல் ஐந்து வரையிலான நட்சத்திரங்கள் தேசியத் தரநிலைப்படி வழங்கப்படுபவை. முன்பதிவுத் தளத்தில் தெரியும் வைரக்குறிகள் அந்தத் தளமே கொடுத்துக்கொள்பவை. நட்சத்திரத்துக்கு விண்ணப்பிக்காத நல்ல சங்கிலித்தொடர் ஓட்டல்கள் ஏராளம்.

தேதியையும் சரிபாருங்கள். இலையுதிர்காலக் கண்காட்சி அக்டோபர் 15 முதல் நவம்பர் 4 வரை மூன்று கட்டங்களாக நடக்கிறது. துணி, ஆடை வாங்கச் செல்பவர்களுக்கு அக்டோபர் 31-இல் தொடங்கும் மூன்றாம் கட்டமே உரியது. அந்த நாள்களில் கண்காட்சி வளாகம் இருக்கும் பாசோ பகுதியில் வாடகை கடுமையாக ஏறுவதோடு, பல அறைகள் ரத்து செய்தால் பணம் திரும்பாத நிபந்தனையோடுதான் கிடைக்கும். அந்த வளாகத்துக்கு மெட்ரோவின் 8-ஆம் தடம் செல்வதால், அந்தத் தடத்திலேயே சில நிலையங்கள் தள்ளித் தங்கினால் வாடகை குறையும், ரத்து நிபந்தனையும் தளர்வாக இருக்கும்.

கேள்வி: சென்ற முறை அறையைக் காலி செய்தபோது, போர்வையில் கறை என்று சொல்லி டெபாசிட்டிலிருந்து 300 யுவானைக் கழித்துக்கொண்டார்கள். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் வாதாட முடியவில்லை. இதைத் தவிர்ப்பது எப்படி?

பதில்: அறை எடுக்கும்போது டெபாசிட் வாங்குவதும், காலி செய்யும்போது ஊழியர் மேலே சென்று அறையைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதும் அங்கே பரவலான வழக்கம். சர்ச்சை எழுவது பெரும்பாலும் அந்தக் கடைசிச் சில நிமிடங்களில்தான். நுழைந்தவுடன் படுக்கை, போர்வை, துண்டு, கம்பளம், குளியலறை ஆகியவற்றைக் கைப்பேசியில் ஒரு தொடர் காணொளியாக எடுத்துவிடுங்கள். கறை இருந்தால் அப்போதே வரவேற்பு மேசைக்குச் சொல்லுங்கள். சேதத்துக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்ற விலைப்பட்டியல் பல ஓட்டல்களில் அறையிலேயே இருக்கும். அதில் இல்லாத தொகையைக் கேட்டால், எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர வேண்டும் என்றதும் பல இடங்களில் கேட்கும் தொகை இறங்கிவிடும். அறையைப் பார்க்கும் வேலையைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடச் சொல்வதும் நல்லது.

டெபாசிட்டை ரொக்கமாகக் கொடுத்தால் ரசீதைத் தொலைக்காதீர்கள். வெளிநாட்டு வங்கி அட்டையில் டெபாசிட்டாக நிறுத்திவைக்கப்பட்ட தொகை விடுபடப் பல நாள்கள் ஆகலாம் என்பதால் உடனே பதற்றப்பட வேண்டாம். அலிபே, வீசாட் பே ஆகிய கைப்பேசிப் பணச் செயலிகளோடு வெளிநாட்டு அட்டையை இணைத்துக் கட்டினால், 200 யுவானுக்கு மேற்பட்ட பணம் செலுத்தலுக்கு 3 சதவீதக் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நியாயமில்லாமல் கழித்துவிட்டால் 12315 என்ற நுகர்வோர் புகார் எண் இருக்கிறது; அழைக்கச் சீன மொழி தெரிந்த ஒருவரின் துணை வேண்டியிருக்கும். வணிகர் மோசடி செய்தது உறுதியானால், கொடுத்த தொகையின் மூன்று மடங்கு, குறைந்தது 500 யுவான், இழப்பீடு கேட்கச் சீன நுகர்வோர் சட்டம் இடம்தருகிறது. ஆனால் கறையைப் பற்றிய தகராறு இதில் எளிதில் அடங்காது. சன்னல் உண்டு என்று எழுத்தில் சொல்லி விற்றுவிட்டுச் சன்னலற்ற அறையைத் தெரிந்தே தந்தது போன்றவற்றுக்குத்தான் அது பொருந்தும். எப்படியானாலும், 'ஃபாபியாவ்' எனப்படும் அதிகாரப்பூர்வ ரசீதைக் கேட்டு வாங்காமல் வெளியேறாதீர்கள்.

கேள்வி: ஷாங்காயில் நல்ல வாடகை கொடுத்துத் தங்கியும் அறையில் பிரஷ், சீப்பு எதுவும் வைக்கவில்லை. இது குறைபாடு இல்லையா?

பதில்: இல்லை. 2019 சூலை 1 முதல் ஷாங்காய் ஓட்டல்கள் பல் துலக்கும் பிரஷ், சீப்பு, குளியல் நார், சவரக்கத்தி, நக அரம், காலணி துடைக்கும் துணி ஆகிய ஆறையும் தாமாக வைக்கக் கூடாது என்பது குப்பையைக் குறைக்க வந்த விதி. வரவேற்பு மேசையில் கேட்டால் கொடுப்பார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அறையில் வைத்திருக்கும் கோப்பைகளைப் பற்றித்தான். 2018 நவம்பரில் சீனாவில் வெளியான ஒரு காணொளி, 14 சொகுசு ஓட்டல்களில் துப்புரவுப் பணியாளர்கள் அழுக்குத் துண்டாலேயே கோப்பையைத் துடைப்பதைக் காட்டி நாட்டையே கொதிக்க வைத்தது. வாடகை உயர்ந்தால் சுத்தமும் உயரும் என்று எண்ண வேண்டாம். சொந்தக் கோப்பை ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிலில் முதல் முறை கொதிக்கும் நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.